பாலாம்பாளின் ஸ்கூட்டரும் ஜோக்லேகரின் பலகையும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில், புனே நகரத்தில் ஸ்கூட்டர் இல்லாமல் மிச்சமிருந்த சொற்பப் பேரில் பாலாம்பாளும் ஒருவர். பால்காரரிடம் ஸ்கூட்டர் இருந்தது. பால்காரரின் மகளிடமும் ஒன்று இருந்தது. கல்லூரிப் பெண்கள் முகத்தைத் துப்பட்டாவால் சுற்றி, கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு, ஏதோ கோட்டையைப் பிடிக்கப் போகிறவர்களைப் போலப் பறந்தார்கள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தாபோடி ரயில்வே கேட்டருகே தினமும் அரை மணி நேரம் தன் ஸ்கூட்டரை உதைப்பார். அது கிளம்பாது. ஆனாலும் அவரிடம் இருந்தது. அதுதான் விஷயம்.

பாலாம்பாளுக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. கசார்வாடியில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடங்களாக டெலிபோன் ஆபரேட்டர். சொந்த ஊர் மாயவரம். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. "இருந்ததே ஞாபகம் இல்லாத சாமானுக்கு யார் போலீஸ்ல எழுதி வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவர் அவர். நானூறு எக்ஸ்டென்ஷன் எண்களும் ஊரிலுள்ள பாதி அலுவலகங்களின் எண்களும் அவர் விரல் நுனியில் இருந்தன. போனில் கேட்டே பழகியதால் அவருடைய மராத்தி பழைய பேட்டைகளின் அசல் மராத்தி. அழைப்பவர்கள் மறுமுனையில் ஒன்பது கஜப் புடவையும் மூக்கில் முத்து நத்துமாக ஓர் அம்மாள் அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள்.

அந்தக் குரலுக்கு மயங்கியவர்களில் கந்தசாமியும் ஒருவர். கோயமுத்தூர்க்காரர். நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுபவர். உதிரிபாக ஆர்டர் விஷயமாக வாரம் ஒருமுறை தொழிற்சாலைக்கு போன் செய்துகொண்டிருந்தவர், பிறகு தினமும் செய்ய ஆரம்பித்தார். அந்த மாதிரியான அவசர ஆர்டர் எதுவும் தொழிற்சாலையில் இல்லை என்பதைக் கொள்முதல் பிரிவு கண்டுபிடிப்பதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் பேச்சில்லை. பிறகு கோபத்தைச் சொல்வதற்காகவே இரண்டு வீட்டாரும் போன் செய்தார்கள். தொழிற்சாலையில் அந்தப் போனை எடுத்தது பாலாம்பாள். அவரிடம் ஒரு தடவை பேசியவர்களால் இரண்டாவது தடவை கோபமாகப் பேச முடிந்ததில்லை.

தாபோடியில் குடியிருந்த இந்தத் தம்பதியின் வாகனம் ஒரு சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாம்பாள் பின்னால் கேரியரில் உட்கார, கந்தசாமி மிதிப்பார். சாங்வியில் இருக்கும் சிநேகிதி வீடு, கடைவீதி, கோயில் எல்லாம் அப்படித்தான். பாலத்து ஏற்றம் வந்தால் பாலாம்பாள் இறங்கி நடக்க வேண்டும். நடக்கும்போது இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள் உறுமிக்கொண்டு போகும். ஒரு ஞாயிறு அந்த ஏற்றத்தின் நடுவே நின்றுகொண்டு, "என்னங்க, நாம ஒரு ஸ்கூட்டர் வாங்கணும்," என்றார்.

கந்தசாமிக்கு மூச்சு வாங்கியது. "யாரு பேர்ல அம்மிணி?"

"என் பேர்லதான். உங்க முதலாளி குடுக்கிற சம்பளத்துக்குச் சீட்டு ஏது? எனக்குத்தான் மாசாமாசம் சம்பளச் சீட்டு வருது. வண்டி என்னோடது. நீங்க ஓட்டுங்க."

"அப்ப நானு டிரைவரா?"

"பின்னே? இப்ப மட்டும் என்னவாம்?"

கந்தசாமி சற்று யோசித்தார். மிதிக்காமல் கிடைக்கும் டிரைவர் பதவி என்பதால் ஒப்புக்கொண்டார்.

*

தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே லம்போதர் நகர கூட்டுறவு வங்கியின் கிளை இருந்தது. அதன் மேலாளர் ஜோக்லேகர் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். வாடிக்கையாளர்கள் நேரில் வராமல் இருந்தால் அவர்கள்மேல் தனிப் பிரியம் வைத்திருப்பவர். பாலாம்பாள் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னதும் அவர் உருகிப் போனார்.

"பத்தொன்பது வருட சர்வீஸா? அட, உங்களுக்கு இல்லாத கடனா மேடம்? இருபத்திரண்டாயிரம்தானே. சம்பளச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வாருங்கள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வெறும் சம்பிரதாயம்."

வியாழக்கிழமை பாலாம்பாள், அனுப்புகைப் பிரிவில் வேலை பார்க்கும் பாத்திமாவின் தோளில் ஒரு கையும் வெள்ளைக் கோலில் ஒரு கையுமாக வங்கிக்குள் நுழைந்தார். பாத்திமா வாணியம்பாடிக்காரி. முப்பத்தைந்து வயது. பேச ஆரம்பித்தால் எந்த மொழியில் ஆரம்பித்தாரோ அந்த மொழியில் முடிக்க மாட்டார்.

ஜோக்லேகர் வெள்ளைக் கோலைப் பார்த்தார். சம்பளச் சான்றிதழைப் பார்த்தார். மறுபடியும் கோலைப் பார்த்தார்.

"போனில் பேசியது..."

"நான்தான்."

இரண்டு தேநீர் வரவழைத்தார். தேநீர் வந்தால் கடன் வராது என்பது பாத்திமாவுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

"மேடம், உங்களுக்கு ஸ்கூட்டர் எதற்கு?"

"உட்கார்ந்து போக."

"யார் ஓட்டுவார்?"

"என் வீட்டுக்காரர். உங்கள் வங்கியில் கார் கடன் வாங்கிய எங்கள் டைரக்டருக்கும் ஓட்டத் தெரியாது. டிரைவர் வைத்திருக்கிறார்."

ஜோக்லேகர் இதற்குப் பதில் தேடினார். கிடைக்கவில்லை. ஆகவே, நிர்வாகத்தில் பதில் கிடைக்காதவர்கள் எல்லாரும் எங்கே போவார்களோ அங்கே போனார். "ரூல் இருக்கிறதே மேடம். அதோ, சுவரில் பாருங்கள்," என்று பாலாம்பாளுக்குக் கையைக் காட்டினார்.

இந்த இடத்தில் புனே நகரத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கே யாரும் யாரையும் நேரில் திட்டுவதில்லை. பலகை எழுதி மாட்டிவிடுகிறார்கள். 'மணியை ஒருமுறை அடித்தால் போதும், நாங்கள் செவிடர்கள் அல்ல' என்று வாசலில் இருக்கும். 'மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடை மூடியிருக்கும், இலவசமாகக் கொடுத்தாலும் திறக்க மாட்டோம்' என்று கடையில் இருக்கும். ஜோக்லேகர் இந்தக் கலையில் தேர்ந்தவர். அவருடைய கிளையில் மட்டும் பதினேழு பலகைகள். 'பேனா கேட்காதீர்கள். வங்கிக்குப் பேனாவோடு வருவது நாகரிகத்தின் முதல் படி' என்று ஒன்று. 'மின்விசிறி ஊழியர்களுக்கானது. காற்று உங்கள்மேலும் பட்டால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று இன்னொன்று.

அவர் காட்டிய பலகையைப் பாத்திமா உரக்க வாசித்தார்:

"கடன் கேட்டு வருவோர் கவனத்திற்கு. படிவத்தை நீங்களே படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். படித்துக் காட்டும்படி ஊழியர்களைக் கேட்காதீர்கள். நாங்கள் பள்ளிக்கூடம் நடத்தவில்லை. உத்தரவுப்படி."

"சரி, பாத்திமா படிக்கட்டும். நான் கேட்டுப் புரிந்துகொள்கிறேன்," என்றார் பாலாம்பாள். "கையெழுத்து எனக்கு நன்றாகவே போட வரும்."

"'நீங்களே' என்று இருக்கிறதே மேடம்." ஜோக்லேகரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பலகையைத் தாமே எழுதியவர் என்பதை அவர் மறந்துபோய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. சுவரில் ஏறிவிட்ட வாசகம் அவருக்கும் மேலிடத்து ஆணையாகத்தான் தெரிந்தது.

"இதையே எழுத்தில் கொடுங்கள்," என்றார் பாலாம்பாள்.

சாமர்த்தியமான மேலாளராக இருந்தால் அந்த நேரத்தில் இன்னொரு தேநீர் சொல்லியிருப்பார். ஆனால் எழுதச் சொன்னால் எழுதாமல் இருக்க ஜோக்லேகரின் கை அனுமதிக்காது. வங்கியின் தலைப்பிட்ட தாளை எடுத்தார். 'மனுதாரர் பார்வையற்றவராக இருப்பதாலும், வங்கியின் விதிப்படி படிவத்தைத் தாமே படிக்க இயலாதவராக இருப்பதாலும், கடன் மறுக்கப்படுகிறது' என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதியும் கொடுத்தார்.

*

வங்கிக்கு எதிரே கரும்புச் சாறு கடை. எந்திரத்தில் கட்டிய சலங்கை ஜல்ஜல்லென்று ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாவது டம்ளர் குடிக்கும்போது பாத்திமா திடீரென்று நிறுத்தினார்.

"பாலாக்கா! ரெண்டு வருஷம் முன்னாடி என் ஃபிரிட்ஜ் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து யார் போட்டா?"

"நான்தான்."

"எந்த பேங்க்?"

பாலாம்பாளின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"இதே பேங்க்! இதே ஆளு! அன்னிக்கு உனக்கு நாற்காலி எல்லாம் போட்டுக் குடுத்தாருக்கா, ஞாபகம் இருக்கா? 'இங்கே போடுங்க, இங்கே போடுங்க'ன்னு விரலைப் பிடிச்சு வெச்சு வெச்சு எட்டு எடத்துல வாங்கினாரு. ஒரு எழுத்து படிச்சுக் காட்டல. க்யா பாத் ஹை! நான் கட்டலைன்னா நீ கட்டணும், அதுக்கு உன் கண்ணு வேணாம். நீ கட்டுறதுக்கு நீயே வாங்கினா மட்டும் கண்ணு வேணுமாம்!"

பாலாம்பாள் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கைப்பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஏற்றத்தில் இறங்கி நடப்பதற்கு அவர் என்றும் சங்கடப்பட்டதில்லை. சம்பளம் வாங்கும் கை, ஜாமீன் போடும் கை, வண்டி வாங்க மட்டும் ஆகாத கையாகிவிட்டதே, அதுதான் உறுத்தியது. இப்போது விட்டால் இந்த ஊரில் எந்தச் சாமானும் தன் பெயரில் வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கந்தசாமி அன்று மாலை பயந்துபோனார். "பேங்குக்காரங்ககூட நமக்கெதுக்கு அம்மிணி வம்பு? சைக்கிள்ல புதுசா சீட்டு மாத்திப் போடறேன். நல்ல பஞ்சு வெச்சு."

"பஞ்சு வெச்சா ஏத்தத்துல நான் இறங்காம இருக்கலாமா?"

"அது... இறங்கித்தான் ஆவணும்."

"அப்ப கேஸ் போட்டுத்தான் ஆகணும்."

வழக்கு போடுவது எப்படி என்பதை விசாரிக்க மற்றவர்கள் வக்கீலிடம் போவார்கள். பாலாம்பாள் போனை எடுத்தார். நான்கு அழைப்புகளில், உடல் ஊனமுற்றோருக்கென்று மூன்று வருடங்களுக்கு முன் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருப்பதும், அதில் பள்ளிக்கூடமும் வேலையும் இருக்கிறது, ஸ்கூட்டர் கடன் என்று எங்கேயும் இல்லை என்பதும் தெரிந்தது. ஐந்தாவது அழைப்பில், நுகர்வோர் மன்றத்தில் கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம், நம் வாயே போதும் என்று தெரிந்தது. வாய் விஷயத்தில் அவருக்குக் குறையில்லை. புகாரை அவர் சொல்லச் சொல்லப் பாத்திமா எழுதினார். இடையிடையே பாத்திமா சொந்தமாகச் சேர்த்த வசைகளை எல்லாம் பாலாம்பாள் திரும்பப் படிக்கச் சொல்லி ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னார். ஒன்றை மட்டும் ரசித்து வைத்திருந்து, கடைசியில் மனமில்லாமல் அடித்தார்.

*

நுகர்வோர் மன்றத்தின் வேகம் கந்தசாமியின் சைக்கிளுக்குச் சமமானது. முதல் வாய்தாவில் வங்கியின் வக்கீல் வரவில்லை. இரண்டாவது வாய்தாவில் வந்து அவகாசம் கேட்டார். மூன்றாவதில் மன்றத் தலைவருக்குக் காய்ச்சல். இப்படியே ஒரு வருடம் ஓடியது. பாலாம்பாள் ஒவ்வொரு தடவையும் அரை நாள் விடுப்பு எடுத்து, நல்ல புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனார். கந்தசாமி பக்கத்தில் உட்கார்ந்து, யார் எப்படி இருக்கிறார் என்று மெதுவாக வர்ணனை கொடுப்பார்.

"தலைவருக்கு மீசை பெருசு. வக்கீலு ஒல்லி. மேனேசரு நம்மளப் பாக்காத மாதிரி கூரையப் பாத்துட்டிருக்காரு."

"கூரையில என்ன இருக்கு?"

"பல்லி."

தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் ஒருவழியாக விசாரணை நடந்தது. வங்கி வக்கீல் எழுந்து, வங்கிக்கு ஒரு விதி உண்டு, விதி எல்லாருக்கும் ஒன்றுதான், மனுதாரர்மேல் வங்கிக்கு அளவற்ற மரியாதை என்று ஆரம்பித்தார்.

"மரியாதை இருக்கட்டும். அந்த விதி எங்கே? தாக்கல் செய்யுங்கள்," என்றார் தலைவர்.

வக்கீல் ஜோக்லேகரைப் பார்த்தார். ஜோக்லேகர் கைப்பிரதி, அச்சுப்பிரதி, இயக்குநர் குழுத் தீர்மானம் என்று எதுவுமே இல்லை என்பதைக் கண்ணாலேயே சொன்னார். அடுத்த வாய்தாவுக்கு விதியைக் கொண்டுவருவதாக வக்கீல் சொன்னார்.

கொண்டுவந்தார்கள். பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, ஆட்டோரிக்ஷாவில் ஏற்றி, இரண்டு பியூன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான்கடிக்கு மூன்றடி. சுவரிலிருந்து கழற்றிய ஆணிகள்கூட அப்படியே இருந்தன. மன்றத்தின் எழுத்தர் அதற்கு 'சான்றாவணம் ஏழு' என்று எண் கொடுத்துவிட்டு, கோப்புக்குள் எப்படிச் செருகுவது என்று தெரியாமல் நாலு பக்கமும் சிவப்பு நாடாவை வைத்து அளந்து பார்த்தார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையை முழுதாக வாசித்தார். 'நாங்கள் பள்ளிக்கூடம் நடத்தவில்லை' என்ற இடத்தில் அவருடைய மீசை அசைந்ததாகக் கந்தசாமி பிற்பாடு சாட்சி சொன்னார்.

"கீழே 'உத்தரவுப்படி' என்று இருக்கிறது. யாருடைய உத்தரவு?"

வக்கீல் தம் கட்சிக்காரரை நோக்கித் திரும்பினார். ஜோக்லேகர் எழுந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"பெயின்டருடையது, ஐயா."

"என்ன?"

"எழுதி முடித்த பிறகு அடியில் ஒரு வரி இடம் காலியாக இருந்தது. 'உத்தரவுப்படி' என்று போட்டால் எடுப்பாக இருக்கும் என்று பெயின்டர் சொன்னார். எடுப்பாகத்தான் இருந்தது."

"மேலே இருக்கும் வாசகம்?"

"அது என்னுடையது. தொண்ணூற்றொன்றில் ஒருவர் பதினோரு பக்கத்தையும் படித்துக் காட்டச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரம், ஐயா."

பாலாம்பாளின் முறை வந்தது. அவர் எழுந்து, பாத்திமாவின் ஃபிரிட்ஜ் கடனுக்கான ஜாமீன் பத்திரத்தின் நகலை நீட்டினார். "இதில் எட்டு இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. இதே கிளை. அன்றைக்கும் பலகை சுவரில் இருந்தது."

வக்கீல் குதித்து எழுந்தார். இந்தக் கேள்விக்கு அவர் தயாராக வந்திருந்தார். "பலகையை நன்றாகப் பாருங்கள் ஐயா. 'கடன் கேட்டு வருவோர்' என்றுதான் இருக்கிறது. ஜாமீன்தாரர் என்று இல்லை."

"அதாவது, பணம் வாங்குகிறவர் படித்தே ஆக வேண்டும். அவர் கட்டாமல் போனால் தன் பணத்தைக் கட்டப்போகிறவர் படிக்க வேண்டியதில்லை?"

"பலகைப்படி அப்படித்தான், ஐயா," என்றார் வக்கீல். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது. உடனே சமாளித்தார். "வேண்டுமானால் அந்த ஜாமீன் கையெழுத்தும் செல்லாது என்று ஒப்புக்கொள்கிறோம்."

"செல்லும்! செல்லும்!" என்று அலறிக்கொண்டு ஜோக்லேகர் தம் வக்கீலின் கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்தார். ஃபிரிட்ஜில் இன்னும் ஐந்து தவணை பாக்கி இருந்தது.

பின்வரிசையிலிருந்து பாத்திமா எழுந்தார். "செல்லாதுன்னா இப்பவே சொல்லிடுங்க சார். நான் வேற மாதிரி யோசிக்கணும்." தலைவர் அவரை உட்காரச் சொன்னார். குரலில் கண்டிப்பு போதவில்லை.

பாலாம்பாள் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "ஒரே ஒரு விஷயம், ஐயா. ஜோக்லேகர் சாகேப், போனில் கேட்டபோது கடன் உண்டு என்று சொன்னீர்கள். அப்போதும் எனக்குக் கண் தெரியாதுதான்."

போனில் இருபது வருடம் பழகிய குரல். உயரவில்லை, நடுங்கவில்லை. தவறான எண்ணுக்குப் போட்டுவிட்டவரிடம் 'இது அந்த எண் இல்லை' என்று சொல்கிற அதே இதமான குரல். ஜோக்லேகர் கூரையைப் பார்த்தார். அன்று பல்லிகூட இல்லை.

"அது... உண்மைதான், மேடம்," என்றார்.

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. மனுவை மற்றவர்களுடைய மனுவைப் போலவே சம்பளத்தை மட்டும் வைத்துப் பதினைந்து நாட்களுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும்; படிவத்தை வங்கியே படித்துக்காட்ட வேண்டும்; மனவுளைச்சலுக்கு இரண்டாயிரம் ரூபாய். சான்றாவணம் ஏழைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி வங்கிக்கு மூன்று நினைவூட்டல்கள் போயின. யாரும் வரவில்லை. எழுத்தர் அதை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்து வைத்தார். மழைச் சாரலை நன்றாகத் தடுத்தது.

*

ஜோக்லேகர் தோல்வியைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். படித்துக் காட்டும் வேலையை வேறு யாரிடமும் கொடுக்காமல், பாலாம்பாளை உட்காரவைத்துத் தாமே பதினோரு பக்கத்தையும் வாசிக்க ஆரம்பித்தார். இருபது வருட உத்தியோகத்தில் அந்தப் படிவத்தை அவர் முழுதாகப் படித்தது அன்றுதான். நான்காம் பக்கத்தில் குரல் தடுமாறியது. ஆறாம் பக்கத்தில் நின்றேவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இல்லை மேடம்... 'மேற்படி கால்நடைக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவேன் என்றும், கன்று ஈன்றால் வங்கிக்கு ஏழு நாட்களுக்குள் தெரிவிப்பேன் என்றும் உறுதி கூறுகிறேன்' என்று இருக்கிறது."

கறவை மாட்டுக் கடனுக்கு அச்சடித்த படிவத்தையே வங்கி ஆரம்ப நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் பயன்படுத்தி வந்திருந்தது. ஃபிரிட்ஜுக்கும், தையல் எந்திரத்துக்கும், டைரக்டரின் காருக்கும். கண் தெரிந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பாலாம்பாள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "தடுப்பூசி சரி. கன்று ஈன்றால் ஏழு நாள் போதாது, பத்து நாள் கொடுங்க."

ஜோக்லேகர் முதலில் பேனாவை எடுத்துத் திருத்தப் போனார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கிளை திறந்த நாளிலிருந்து யாரும் கேட்டிராத விதத்தில், வாய்விட்டுச் சிரித்தார். வெளியே வரிசையில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

தசராவுக்கு முந்தின நாள் கடையில் ஸ்கூட்டர் தேர்வு நடந்தது. கடைக்காரப் பையன்கள் நிறங்களை அடுக்கினார்கள். பாலாம்பாள் நிறத்தைக் கந்தசாமியிடம் விட்டுவிட்டு, ஒவ்வொரு வண்டியின் ஹாரனையும் அடித்துக் காட்டச் சொன்னார். கடையில் பதினான்கு வண்டிகள் இருந்தன. ஒன்றுக்கு ஜலதோஷம் என்றார். இன்னொன்று கடன்காரனைப் போலக் கூப்பிடுகிறது என்றார். பதினோராவது ஹாரனில், "இதுதான். மரியாதையாவும் இருக்கு, வழிவிடுன்னும் சொல்லுது," என்று முடிவு செய்தார். அது பச்சை நிறம். கந்தசாமி நீலத்தை ஆசையாகப் பார்த்துவிட்டுப் பச்சைக்கு வந்துசேர்ந்தார்.

மறுநாள் தசரா அன்று, சாமந்தி மாலையும் குங்குமப் பொட்டுமாக வண்டி நெடுஞ்சாலையில் இறங்கியது. பாலாம்பாள் பின்னால் உட்கார்ந்து, காற்றில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்று கந்தசாமியின் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். கந்தசாமி இன்னும் கொஞ்சம் முறுக்கினார். பாலம் வந்தது. ஏற்றம் வந்தது. யாரும் இறங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கந்தசாமி வந்த வழியே வண்டியைத் திருப்பி மறுபடியும் ஓட்டினார். நாசிக் பாட்டா சிக்னலையும் அதே சந்தோஷத்தில் தாண்டினார்.

விசில் ஊதியது. போக்குவரத்துக் காவலர் ஓடிவந்தார்.

"சிவப்பு விளக்கு தெரியவில்லையா?"

பின்னாலிருந்து கந்தசாமியின் முதுகில் ஓர் அடி விழுந்தது. "சுத்தி இருக்கிற வண்டியெல்லாம் நின்ன சத்தம் எனக்கே கேட்டுச்சு. நீங்க என்னத்தைப் பார்த்துட்டிருந்தீங்க?"

"பச்சைன்னு நெனச்சேன் அம்மிணி."

"பச்சை நம்ம வண்டி!"

காவலர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளைக் கோலைப் பார்த்தார். "வண்டி யாருடையது?"

"என்னுடையது," என்றார் பாலாம்பாள், பழைய பேட்டையின் அசல் மராத்தியில். "இவர் என் டிரைவர்."

காவலர் குழம்பினார். பண்டிகை நாள், புது வண்டி, மாலை, எல்லாவற்றுக்கும் மேலாக இந்த அம்மாள். அவர் குரலை இறக்கினார். "பரவாயில்லை அம்மா. நீங்கள் போங்கள். உங்களிடம் போய் அபராதம் வாங்குவதாவது?"

பாலாம்பாள் கீழே இறங்கினார். கோலை ஊன்றி நிமிர்ந்து நின்றார். பதினைந்து மாதம் மன்றத்து மரபெஞ்சில் உட்கார்ந்து வாங்கிய உரிமை நடுரோட்டில் இலவசமாகப் பறிபோவதை அவர் அனுமதிப்பதாக இல்லை.

"ஏன் வாங்க மாட்டீர்கள்? போன வாரம் சிக்னல் தாண்டியவர்களிடம் வாங்கினீர்களா இல்லையா? வண்டி என் பெயரில் இருக்கிறது. எழுதுங்கள்."

சிக்னல் விழுந்து, நூறு ஸ்கூட்டர்கள் பின்னால் உறுமத் தொடங்கின. காவலர் வேறு வழியில்லாமல் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, உரிமையாளர் என்ற இடத்தில் 'ஸ்ரீமதி பாலாம்பாள் கந்தசாமி, தாபோடி' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

பாலாம்பாள் அதை வாங்கி நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியில் ஏறினார்.

"நூறு ரூவா போச்சே அம்மிணி," என்றார் கந்தசாமி.

"உங்க சம்பளத்துல பிடிச்சுக்கறேன். ஹாரன் அடிங்க."